அமெரிக்க பேஸ்பால் பந்தெறிவாளர் பம்பஸ் ஜோன்ஸின் எட்டு ஆட்டங்களை வயலில் அளந்து அறிவது எப்படி?

சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம் இதற்கு ஏற்ற காலம். எங்கள் டெல்டாவில் அப்போது பல வயல்களில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். அவற்றில் கால் வைக்காமல், உரியவரிடம் கேட்டு, தரிசாகக் கிடக்கும் வயலில் வெடிப்பில்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளக்கப்போவது எதற்காக என்பதை முதலில் அறிய வேண்டும். 1892 அக்டோபர் 15 அன்று, சின்சினாட்டி அணிக்காக 22 வயதில் தம் முதல் நேஷனல் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் ஒன்று) ஆட்டத்தில் பந்தெறிந்த ஜோன்ஸ், பிட்ஸ்பர்க் அணிக்கு ஒரு ஹிட் (மட்டையாளர் பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்வது) கூடக் கொடுக்காமல் 7-1 என்று வென்றார். முதல் ஆட்டத்திலேயே இதைச் செய்தவர் பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் வேறு எவருமில்லை. மறு ஆண்டு சின்சினாட்டிக்கும் நியூயார்க்குக்கும் ஏழு ஆட்டங்கள் ஆடினார். மொத்தம் 2 வெற்றி, 4 தோல்வி என்ற கணக்கோடு அவர் ஆட்டம் அங்கே முடிந்துபோயிற்று.

இடையில் விதி மாறியிருந்தது. மட்டையாளரின் தளத்துக்குப் பந்தெறியும் தூரம் 50 அடியிலிருந்து 60 அடி 6 அங்குலமாயிற்று என்றே பலரும் எழுதுகிறார்கள். அதை அப்படியே கயிற்றில் குறிக்காதீர்கள். 50 அடி என்பது அந்தத் தளத்திலிருந்து எறிபவர் நின்ற கட்டத்தின் முன்கோடு வரை உள்ள அளவு. அவருடைய பின்கால் ஐந்தரை அடி தள்ளியிருந்த பின்கோட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே கூடியது ஏறக்குறைய ஐந்து அடிதான்.

ஒரு முளையை அடித்துக் கயிற்றைக் கட்டி, 55 அடி 6 அங்குலத்திலும் 60 அடி 6 அங்குலத்திலும் முடிச்சுப் போடுங்கள். கிரிக்கெட்டின் 66 அடிக்குப் பழகிய பையன் ஒருவனை முதல் முடிச்சில் நிறுத்தி, ஓடிவராமலும் பந்தைத் தரையில் குத்தாமலும், முளையின் பக்கத்தில் நிற்பவரின் மார்பளவுக்கு எறியச் சொல்லுங்கள். கை படிந்த பின் இரண்டாம் முடிச்சுக்கு நகர்த்தி, அதே விசையில் எறியச் செய்யுங்கள். மார்புக்கு வந்துகொண்டிருந்த டென்னிஸ் பந்து தொடையளவுக்கு இறங்கிவிடுவதைக் காண்பீர்கள். மட்டையோடு நிற்பவருக்கோ கண நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. நேஷனல் லீக்கின் மொத்த மட்டையடி சராசரி (ஹிட்டுகளை, மட்டை பிடித்த முறைகளால் வகுத்த கணக்கு) 1892-இல் .245 ஆக இருந்து 1893-இல் .280 ஆக ஏறியது.

ஜோன்ஸின் சரிவுக்கு இந்த ஐந்து அடியே முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாம் முடிச்சில் பையனின் கை திரும்பப் படிய எத்தனை எறிகள் ஆயின என்று எண்ணி, அந்த ஏழு ஆட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.