கொமினோ தீவுக்கு ஒரு நாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடலில் மால்டா, கோசோ தீவுகளுக்கு நடுவில் இருக்கும் கொமினோவின் பரப்பு மூன்றரை சதுர கிலோமீட்டர்தான். நிலையாகக் குடியிருப்போரை விரல் விட்டு எண்ணிவிடலாம். மால்டிய மொழியில் இதன் பெயர் கெம்முனா. அங்கே சீரகத்தை ‘கெம்முன்’ என்பார்கள். மால்டாவில் வேலை பார்க்கும் நான் கோடைதோறும் யாரையாவது அங்கே அழைத்துச் செல்கிறேன். முதல் முறை வருகிறவர்கள், நான் பட்ட அதே பாட்டைத் திரும்பப் படுவதைக் கண்ட பிறகே இதை எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர், வெயில் பூச்சு பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசிப் படகை நம்பித் திட்டமிடுவது

மால்டாவின் சிர்கெவ்வா, மார்ஃபா ஆகிய துறைகளிலிருந்தும் கோசோவின் இம்ஜாரிலிருந்தும் பல நிறுவனங்கள் கொமினோவுக்குப் படகு விடுகின்றன. போக வரச் சேர்த்து வாங்கும் சீட்டு, அதை விற்ற நிறுவனத்தின் படகில் மட்டுமே செல்லும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், அக்காவின் குடும்பம் அன்றிரவே விமானம் ஏற வேண்டியிருந்த நிலையில், அவர்களை நான் அங்கே கூட்டிச் சென்றேன். சீட்டு விற்றவர், “ஆறு மணிக்குக் கடைசிப் படகு, எந்தப் படகிலும் ஏறலாம்” என்றார். காற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிற்பகலில் வடமேற்குக் காற்று எழுந்தது. மஜ்ஜிஸ்ட்ரால் என்று மால்டியர்கள் அழைக்கும் இந்தக் காற்று வலுத்தால், தீவுகளுக்கு இடையிலான குறுகிய கடற்கால்வாயில் அலை உயர்ந்து, சிறிய படகுகள் நேரத்துக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிடும். நாங்கள் சான்ட்டா மரிஜா விரிகுடா வரை நடந்துவிட்டு ஐந்தரை மணிக்குத் துறைக்கு வந்தபோது எங்கள் நிறுவனத்தின் படகு ஒன்றுகூட இல்லை. நின்றிருந்த பெரிய படகின் ஊழியர், கடல்நீரில் நனைந்து ஓரம் சுருண்டிருந்த எங்கள் சீட்டை வாங்கி, அதன் நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பிக் கொடுத்தார். அக்காவின் சிறிய மகன் பையின்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான். புதிதாகச் சீட்டு வாங்க வரிசையில் நின்று, சிர்கெவ்வாவில் இறங்கி, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் கழித்து விமான நிலையத்தை அடைந்தபோது வாயில் மூடப்பட்டிருந்தது. நான்கு பேருக்குப் புது விமானச் சீட்டு வாங்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. ஏனென்றால், சீட்டு வாங்கும்போதே எந்த நிறுவனத்தின் படகு, எந்தத் துறைக்குத் திரும்பும், இன்றைய காற்றில் கடைசிப் படகு எப்போது என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தால் போதும். இப்போது கடைசிப் படகுக்கு இரண்டு படகு முன்னதாகவே நான் திரும்பிவிடுகிறேன். விமானம் ஏற வேண்டிய நாளில் யாரையும் கொமினோவுக்கு அழைத்துச் செல்வதே இல்லை.

முன்பதிவு இன்றி நீலக் கடற்குளத்துக்குப் போவது

கொமினோவுக்கும் கொமினோட்டோ என்ற குட்டித் தீவுக்கும் இடையே, அடியில் வெண்மணல் கொண்ட ஆழமற்ற நீர்ப்பரப்புதான் பெரும்பாலோர் தேடி வரும் நீலக் கடற்குளம் (Blue Lagoon). கூட்டம் எல்லை மீறியதால், 2025 கோடையிலிருந்து அங்கே கரையில் இறங்க இணையத்தில் முன்பதிவு செய்து கைப்பட்டை அணிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. இருந்தும் துறையில் இறங்கிய பிறகு கைபேசியைத் தடவிக்கொண்டு நிற்பவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

நாள் முழுவதும் அந்த நீரிலேயே கழிப்பது

காலையில் முதல் படகில் போய்க் குளித்துவிட்டு, கூட்டம் சேரும் நேரத்தில் தீவுக்குள் நடந்துவிடுங்கள். காட்டுத் தைம் என்ற வாசனைச் செடியும் முட்புதர்களும் மண்டிய பாறை நிலத்தில் நிழல் தரும் மரங்கள் மிகக் குறைவு என்பதால், நடுப்பகல் வெயிலில் சிறுவர்களை நெடுந்தூரம் கூட்டிச் செல்வது தவறு. தீவு இயற்கைப் பாதுகாப்புப் பகுதி; ஒற்றையடிப் பாதையை விட்டு விலகிப் புதர்களை மிதிக்காதீர்கள்.

மெல்லிய செருப்பு

பாறை கூரியது, கட்டுச்செருப்பு அணியுங்கள்.

கோபுரம் எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணுவது

அக்காலத்தில் மால்டாவை ஆண்ட மாவீரர் சபையின் தலைவர் விக்னக்கூர் 1618-இல் கட்டுவித்த புனித மரியா கோபுரத்தின் உச்சியில் கொடி பறந்தால் மட்டுமே உள்ளே போகலாம். படகில் வரும்போதே அது கண்ணுக்குத் தெரியும்.