போர்க்கால வார இதழ்க் கட்டைப் பிரிக்கும் முன்

கீழக்கரை, தொண்டி வீட்டுப் பரண்களில் 1939–45 காலத்து இதழ்க் கட்டு கிடைத்தால் வெயிலில் போடாதீர்கள்; மட்டக் காகிதம் அப்பளமாய் நொறுங்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, தாளுக்கு அடியில் அட்டை கொடுத்துப் பிரியுங்கள். உப்புக்காற்றில் ஈரம் கோத்து ஒட்டிய தாளை இழுக்கவே கூடாது. செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும். பக்கத்தை ஸ்கேன் செய்தால் 400 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 400 படப்புள்ளி) குறையாமல் எடுங்கள். குறைந்தால் பொடி எழுத்தில் புள்ளியும் சுழியும் அடைந்துபோகும்.

தேதி கிழிந்திருந்தால் தமிழ் ஆண்டு கைகொடுக்கும்: சித்திரபானு என்றால் 1942 ஏப்ரல் நடுவிலிருந்து ஓராண்டு. இதழ் மெலிந்திருந்தால் தாள் தொலைந்ததென்று முடிவுகட்ட வேண்டாம், அது காகிதத் தட்டுப்பாட்டுக் காலம்; பக்க எண் தொடர்கிறதா பாருங்கள். ‘ராமநாதபுரம் ஜில்லா’ என்றால் அன்று சிவகாசி, காரைக்குடியும் சேர்த்திதான். துருப்பு, கப்பல் நடமாட்டத்தைத் தேடி ஏமாறாதீர்கள், தணிக்கை இருந்தது. அரிசி, மண்ணெண்ணெய் அறிவிப்புகளை முதலில் படியுங்கள்.