சைக்கிள் கோர்க்கும்போது எதில் மிச்சம் பிடிக்கலாம்?
பழைய ஃபிரேம் வாங்கினால், ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் வெடித்து மடிப்பு தட்டினால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சீட், பெடல், மட்கார்டு எல்லாம் பழைய சாமான் கடையிலேயே போதும். பிரேக் கட்டை, பிரேக் கேபிள், டயர் மூன்றும் புதிதுதான். இதில் பேரமே கிடையாது.

டயரில்தான் பலர் ஏமாறுவார்கள். வெறுமனே ‘26 இஞ்ச்’ என்று கேட்காதீர்கள். சாதா சைக்கிளின் 26 × 1 3/8 டயருக்கு ரிம் அளவு 590 மி.மீ., மலை சைக்கிளின் 26 × 1.95-க்கு 559. ஒன்றின் ரிம்மில் மற்றது சேராது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல அச்சிட்டிருக்கும், அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் செயின். 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். 12 1/8 ஆகியிருந்தால் ஃப்ரீவீலையும் (பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்) சேர்த்தே மாற்றிவிடுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் வழுக்கும்.