பழைய ரயில் பாலத்தை நடைபாலமாக்க: வேலை அடியிலிருந்து தொடங்கட்டும்

ரயிலையே சுமந்த பாலம் ஆளைச் சுமக்காதா? சுமக்கும். அமெரிக்க விதிப்படி நடைபாலத்துக்கான கூட்டச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 440 கிலோதான். கனரக எஞ்சினின் ஒரே அச்சு 30 டன் வரை அழுத்தும். ஆபத்து சுமையில் இல்லை, காற்றிலும் துருவிலும் இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கின்சுவா ரயில் பாலம் 1882-இல் இரும்பில் கட்டப்பட்டு, 1900-இல் எஃகுக்கு மாறியது. பாலத்தைத் தாங்கும் கோபுரங்கள் புதிதாயின, அவற்றை அடித்தளத்தோடு பிணைத்த போல்ட்டுகள் பழையவை. 2003 ஜூலை 21 அன்று சுழற்காற்று அடித்தபோது துருவேறிய அந்தப் பிடிகள் விட்டன. 20 கோபுரங்களில் 11 சாய்ந்தன. மிஞ்சியதில் ஒரு பகுதி 2011-இல் நடைமேடையாகத் திறக்கப்பட்டது.

ஆகவே முதலில் தூணடியில் மண்ணையும் சருகையும் அள்ளுங்கள். போல்ட் கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விட்டத்தை அளக்க வேண்டும். நீர் தேங்கும் அந்த விளிம்பில்தான் அது மெலியும். உள்ளே புதைந்த பகுதிக்கு மீயொலிச் சோதனை. ஆற்றுத் தூண் என்றால் முக்குளிப்பவரை இறக்குங்கள். வெள்ளம் தோண்டிய பள்ளத்தை வண்டல் மூடிவிடும், கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும். கம்பியால் குத்திப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

தண்டவாளம், ஸ்லீப்பர் கட்டை, ஜல்லி எல்லாம் போனால் பாலம் இலேசாகிறது. அதன்மேல் வலைக் கைப்பிடி வைத்தால் காற்று மோதும் பரப்பு கூடுகிறது. இரண்டையும் சேர்த்து, காற்று தூண்களை அடித்தளத்திலிருந்து தூக்கும் விசையை மறுபடி கணக்கிடாமல் ஒரு கட்டையையும் கழற்றாதீர்கள். கிரியோசோட் (மரம் மக்காமலிருக்க ஏற்றும் நச்சு எண்ணெய்) ஊறிய கட்டைகளை எரிக்கவும் கூடாது, தோட்டத்தில் போடவும் கூடாது.

ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் தலையடித்த ஆணி) தலையின் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சுத்தியலால் தட்டுங்கள். தளர்ந்தது விரலில் அதிரும். அதை எடுத்துவிட்டு உயர்வலு போல்ட் போடலாம், ஆனால் ஒரு மூட்டில் ஒவ்வொன்றாகத்தான். தகடுகளுக்கிடையே வீங்கிய துருவின்மேல் பெயிண்ட் அடிப்பது வீண், அது உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய இரும்பில் கந்தகமும் பாஸ்பரஸும் மிகுந்திருக்கலாம். மாதிரி வெட்டிச் சோதிக்காமல் வெல்டிங் வேண்டாம், மூட்டு விரிசல் விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகச் சுரண்டாமல், கூடாரம் கட்டித் தூசியை உறிஞ்சி எடுங்கள்.

தூண்மேல் பாலம் நகர இடம்தரும் பேரிங் உருளைகள் இறுகியிருந்தால் விடுவியுங்கள். 100 மீட்டர் எஃகு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் நீளும். நகர வழியில்லாவிட்டால் தூணின் தலை பிளக்கும்.

தளத்துக்கு மரப்பலகை மலிவு, ஆனால் காற்று தூக்காமல் பாலத்தை அழுத்திப் பிடிக்கும் எடை அதற்கில்லை. 1889-இல் திறந்து, 1974 தீயில் ரயிலை இழந்த நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி பாலம் 2009-இல் இரண்டு கிலோமீட்டர் நடைபாதையானது. அங்கே போட்டது முன்வார்ப்புக் கான்கிரீட் பலகங்கள். எடை தாங்குமானால் எங்கள் ஓட்டும் அதற்கே. கைப்பிடி 1.1 மீட்டர் உயரம், இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள். வடிகுழாயை மட்டும் கர்டருக்கு (பாலத்தின் முக்கிய உத்தரம்) கீழ்வரை நீட்டி, நீர் தூணடி போல்ட்டில் விழாதபடி திருப்பிவிடுங்கள்.