கலிபோர்னியாவில் போலீஸ் காரை நிறுத்தினால்: டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் போலீஸ் கைகாட்டினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ஆர்.சி. புக்கோடு நாமே அவரிடம் போய் நிற்போம். நம்மூரில் அது மரியாதை, அங்கே அதுதான் ஆபத்து. காரைவிட்டு இறங்கி நடந்து வருகிறவர் தாக்க வருகிறார் என்றே அவர்களுக்கு முதலில் தோன்றும்.

பின்னால் சிவப்பு, நீல விளக்கு தெரிந்தால் இண்டிகேட்டர் போட்டு வலது ஓரம் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரவானால் உள் விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். நெடுஞ்சாலையில் அவர் வலப்பக்க ஜன்னலுக்கும் வரலாம். லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கேட்பார். கேட்குமுன் டேஷ்போர்டைத் துழாவாதீர்கள். எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள். இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கள். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது மூன்று இடங்களில். காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால் பழக்கதோஷத்தில் "ஓகே சார்" என்றுவிடுவோம், இல்லையென்றால் தலையை ஆட்டுவோம். நம் தலையாட்டல் அவருக்குச் சம்மதமாகவே படும். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதை அவர் எடுத்துச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சம்மதமில்லை என்று வாயால், தணிந்த குரலில் சொல்லுங்கள். அதையும் மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். அடுத்தது, டிக்கெட்டில், அதாவது விதிமீறலுக்கு அவர் எழுதித் தரும் நோட்டீஸில், கையெழுத்து. குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று பயந்து சிலர் போட மறுக்கிறார்கள். கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற உறுதி மட்டும்தான் அது. மறுத்தால் கைது செய்யச் சட்டத்தில் இடமுண்டு. மூன்றாவது, பணம். "பார்த்துச் செய்யுங்க சார்" என்று நோட்டை நீட்டினால் டிக்கெட்டோடு போகவேண்டியது ஜெயிலில் முடியும்.

2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில், உடனடி ஆபத்து போன்ற விதிவிலக்கு தவிர, எதற்காக நிறுத்தினேன் என்பதை மற்ற கேள்விகளுக்கு முன்பே போலீஸ் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை அப்படியே மனத்தில் வையுங்கள். பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திவிட்டு, எங்கே வேலை, யார் வீட்டுக்கு என்று கேள்வி நீண்டால், பிறகு உதவுவது அந்தக் காரணம்தான்.

தோலின் நிறத்தைப் பார்த்து நிறுத்தினாரா என்பதை ஒரு சம்பவத்தை வைத்து நிரூபிப்பது மிகக் கடினம். சின்ன விதிமீறல் ஒன்று உண்மையில் இருந்தால், உள்நோக்கம் எதுவானாலும் நிறுத்தியது செல்லும் என்பது 1996-ல் வந்த தீர்ப்பு. பாரபட்சம் எண்ணிக்கையில்தான் பிடிபடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு முழுக்க சுமார் 10 கோடி வாகன நிறுத்தங்களை ஆராய்ந்தார்கள். இருட்டிய பின், ஓட்டுபவரின் நிறம் தெரியாத நேரத்தில், நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது. கலிபோர்னியாவில் 2015-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு நிறுத்தத்தையும் போலீஸ் பதிவு செய்கிறது. உங்கள் இனம் என்ன என்று கேட்கமாட்டார். பார்வைக்கு எப்படித் தோன்றினீர்களோ அப்படியே குறித்துக்கொள்வார். நமக்கான கட்டம் "மத்தியக் கிழக்கு அல்லது தெற்காசியர்". பாலக்கரையும் பாக்தாத்தும் ஒரே கட்டத்தில்!

மனதில் உறுத்தினால் ரோட்டில் வாதாடாமல் வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள்: நேரம், இடம், சொன்ன காரணம், பேட்ஜ் எண், ரோந்து வண்டி எண். போலீஸ் உடம்பில் மாட்டியிருக்கும் கேமரா வீடியோவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள்; வழக்கில் சேராத வீடியோ 60 நாளுக்குப் பிறகு இல்லாமல் போகலாம். நஷ்ட ஈடு கேட்பதானால் நகர நிர்வாகத்துக்கு 6 மாதத்துக்குள் மனு போகவேண்டும்.

புகாரை எங்கே கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் அல்லாதவர்களே விசாரிக்கும் தனித்துறை இருக்கிறது. சான் ஹோசேயில் 1993 முதல் இருக்கும் தணிக்கையாளர் அலுவலகம் புகாரை வாங்கும், ஆனால் விசாரிப்பது போலீஸின் உள்பிரிவு. அது ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பதே தணிக்கையாளர் வேலை. பெர்க்லியில் 2020-ல் மக்கள் வாக்களித்து, போலீஸைக் கண்காணிக்கும் ஒரு வாரியத்தைக் கொண்டுவந்தார்கள். வாரியமே இல்லாத ஊரிலும் புகார் வாங்க எழுத்து வடிவ நடைமுறை இருந்தாக வேண்டும். முடிவு எடுத்த 30 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இந்த வாரியங்களின் கூட்டம் நம்மூர் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாள் மாதிரி இல்லை. அங்கே மனுவை நீட்டி உடனே கையெழுத்து வாங்கமுடியாது; நீங்கள் பேசுவீர்கள், அவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே வெளியாகும். உள்ளே வரப் பெயர் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, குடியுரிமையும் தேவையில்லை. பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்கள். அதனால் முன்கதையை விட்டுவிட்டு, தேதி, இடம், சொன்ன காரணம் மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.