வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு: கட்டிக்கு இடம் கொடுக்காமல் சிகிச்சையை முடிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்திலிருந்து வாய்ப்புற்றுக்காகப் பெருநகர மருத்துவமனைக்குப் போகிறவர்கள், கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் புண் ஆற ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. கதிர் பட்ட தாடை எலும்பு பிற்பாடு எளிதில் ஆறாது.

வழக்கமாக நாளுக்கு 2 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் வாரத்துக்கு 5 நாள், 6 அல்லது 7 வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை கொடுப்பார்கள். இதில் நாள் தவறுவதுதான் பெரிய ஆபத்து. தப்பிப் பிழைத்த புற்றணுக்கள் சுமார் நான்காம் வாரத்திலிருந்து முன்னைவிட வேகமாகப் பெருகுவதால், அதே மொத்த அளவைக் கொடுத்தாலும் சிகிச்சை நீண்டுபோனால் பலன் குறைகிறது. ஆகவே தீபாவளி, தைப்பூசம், ஹரி ராயா விடுமுறைகளும் இயந்திரப் பழுதும் குறுக்கிட்டால் எப்படி ஈடுகட்டுவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இருமுறை கொடுப்பதும் உண்டு. தினமும் ஊரிலிருந்து போய்வர முடியுமா என்பதையும் நேர்மையாக எடைபோட வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதே பெரும்பாலும் நல்லது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் வெந்து எச்சில்கூட விழுங்க முடியாதபோதுதான் பலர் நின்றுவிடுகிறார்கள். அப்போது வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமையல்ல. வலி மருந்தையும், தேவைப்பட்டால் உணவுக் குழாயையும் கேட்டுப் பெறுங்கள்.

கதிர்வீச்சு மரபணுவைச் சிதைக்க ஆக்ஸிஜன் துணைநிற்கிறது. ரத்தக் குழாய்கள் தாறுமாறாக அமைந்த கட்டியின் உட்பகுதியில் ஆக்ஸிஜன் குறைவு; அங்குள்ள புற்றணுக்களை அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஆக்ஸிஜனை மேலும் குறைக்கிறது. எனவே புகைப்பதை இப்போதே நிறுத்துங்கள். வெற்றிலைப் பாக்கும் வேண்டாம். 2004-இல் பாக்கே புற்றுநோய்க் காரணியென வகைப்படுத்தப்பட்டது. ஆக்ஸிஜனைக் கூட்டுவதற்காக ரத்தம் ஏற்றச் சொல்லி வற்புறுத்துவதிலும், மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் ஈ மாத்திரை விழுங்குவதிலும் பயனில்லை. அந்த மாத்திரை கதிரிலிருந்து புற்றணுவையும் காக்கக்கூடும்.

சில கட்டிகள் சிதைந்த மரபணுவைத் தாமே விரைந்து சீர்செய்துகொள்ளும். சிலவற்றில் அணுவை மடியச் செய்யும் பி53 மரபணுவே பழுதாகியிருக்கும். இதற்கு நோயாளி பொறுப்பல்ல. அறுவைச் சிகிச்சையை முதலில் செய்வதும், கதிருடன் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்ப்பதும், கட்டி கதிருக்குக் காட்டும் இத்தகைய எதிர்ப்பை முன்னிட்டும்தான்.

முடிந்தவுடன் ஸ்கேன் எடுக்கச் சொல்லி அவசரப்பட வேண்டாம். வீக்கம் அடங்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆனால் கழுத்தில் புதுக் கட்டி தென்பட்டாலோ, ஆறிய புண் மீண்டும் வெடித்தாலோ, அடுத்த தவணைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.