'இன்ஃப்ளேமபிள்': மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களின் பிரதிகளைத் திருத்துவது இப்போது என் வேலைகளில் ஒன்று. நெருப்பைக் குறிக்கும் இந்த ஒரு சொல்லில், நான் அன்று விழுந்த குழியிலேயே ஒவ்வொருவராக விழுகிறார்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்னால் நிற்கும் 'இன்'

போன வாரம் வந்த பிரதி, தின்னர் டப்பாவுக்கான எச்சரிக்கை வாசகம். ஆங்கிலத்தில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தது. தமிழில் 'தீப்பற்றாதது' என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

'இன்விசிபிள்' கண்ணுக்குத் தெரியாதது, 'இன்கரெக்ட்' சரியில்லாதது. அந்தப் பழக்கத்தில் இதையும் எதிர்மறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இங்கே வரும் 'இன்' வேறு. 'தீ மூட்டு' என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து சொல்லோடு ஒட்டியே வந்தது அது. ஆகவே ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. தீப்பற்றாததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று தனிச்சொல் இருக்கிறது.

தொடக்கத்தில் ஒரு பசையின் கையேட்டில் நானும் 'தீப்பற்றாதது' என்றுதான் எழுதினேன். அடுத்த வரியிலேயே 'நெருப்புக்கு அருகில் வைக்க வேண்டாம்' என்று சரியாக எழுதியிருக்கிறேன். இரண்டும் முட்டிக்கொள்வது எனக்குத் தெரியவே இல்லை. மெய்ப்புப் பார்த்தவர்தான் கேட்டார்: "தீப்பிடிக்காத பொருளை எதுக்குங்க நெருப்புக்கிட்ட வைக்கக் கூடாது?" அவர் கேட்காமல் இருந்திருந்தால் அது அப்படியே அச்சாகியிருக்கும். அதை நம்பி யாராவது அந்தப் பசையை அடுப்பருகே வைத்திருப்பார்கள். அதனால்தான் இந்தத் தவறைப் பார்க்கும்போது இன்னும் கோபம் வருகிறது.

ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லைப் பயன்படுத்தச் சொன்னது. ஆனாலும் பழைய சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஹைட்ரஜனை நினைத்துக்கொள்ளுங்கள். 1766இல் அதை ஆராய்ந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் அதை 'இன்ஃப்ளேமபிள் ஏர்' என்றுதான் அழைத்தார். பற்றி எரியும் வாயு.

மனிதரைப் பற்றி வரும்போது

'இன்ஃப்ளேமபிள்' சுபாவம் என்றால் மூக்குக்கு மேல் கோபம்.

அனல் பறக்கும் பேச்சு

'இன்ஃப்ளமேட்டரி' பேச்சை 'அனல் பறக்கும் பேச்சு' என்று மொழிபெயர்க்கவே கூடாது. தமிழில் 'அனல் பறக்கப் பேசினார்' என்றால் பாராட்டு. ஆங்கிலச் சொல்லோ குற்றச்சாட்டு. கூட்டத்தை வெறுப்புக்கோ வன்முறைக்கோ தூண்டிவிடும் பேச்சு என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். செய்தியில் இது தலைகீழானால், குற்றம் சாட்டப்பட்டவரை நாமே புகழ்ந்ததாகிவிடும்.

மருத்துவக் கட்டுரையில்

'இன்ஃப்ளமேஷன்' என்றதும் 'வீக்கம்' என்று போட்டுவிடுகிறார்கள். வீக்கம் அதன் அறிகுறிகளில் ஒன்று மட்டுமே. சிவத்தல், வீக்கம், சூடு, வலி என நான்கையும் மருத்துவ நூல் எழுதிய ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே பட்டியலிட்டுவிட்டார். இதற்கு நம்மிடம் 'அழற்சி' என்ற அருமையான சொல் இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் அதே தீ இதற்குள்ளும் இருக்கிறது.